நனைந்த ரோட்டில் சொரசொரப்பு செய்யும் வேலை

மழை நாளில் வண்டி சறுக்கினால் முதலில் டயரைச் சொல்வோம். அப்புறம் பிரேக்கை, அப்புறம் ஓட்டியவரை. கீழே இருக்கும் ரோட்டைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. ரோடு வேலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே குனிந்து பார்ப்பதுதான் வேலையே. அதே ரோடுகளில் மழையிலும் வெயிலிலும் பைக்கிலும் காரிலும் போய்வருகிறேன். இரண்டு பக்கமும் சேர்ந்து கற்றுக்கொடுத்ததில், மழையில் வண்டி எடுக்கும் யாருக்கும் உதவும் என்று நான் நம்புவதை எழுதுகிறேன்.

ரோட்டின் சொரசொரப்பில் இரண்டு வகை உண்டு. தார் ரோட்டை நின்று பார்த்தால் ஜல்லியின் தலைகள் மேடாகவும் இடைவெளிகள் பள்ளமாகவும் தெரியும். அரை மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரையிலான இந்த மேடுபள்ளத்தைப் பொறியாளர்கள் மேக்ரோ டெக்ஸ்சர் என்பார்கள். இன்னொன்று ஒவ்வொரு ஜல்லியின் மேல்தோலில் இருப்பது. அரை மில்லிமீட்டருக்கும் கீழே என்பதால் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. விரல் நுனியால் தடவினால் உப்புத்தாளைத் தொட்டதுபோல நறநறவென்று தெரியும். இது மைக்ரோ டெக்ஸ்சர். பேச்சுக்கு வசதியாக முதலாவதைப் பெருஞ்சொரசொரப்பு என்றும், இரண்டாவதை நுண்சொரசொரப்பு என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

காய்ந்த ரோட்டில் ரப்பர் கல்லோடு நேராக ஒட்டிப் பிடிக்கும். கூடவே, ஜல்லியின் மேடுகளில் அழுந்தி நெளிவதாலும் ஒரு பிடிப்பு கிடைக்கும். நடுவில் தண்ணீர் வந்துவிட்டால் ஒட்டும் பிடிப்பு பெரிதும் போய்விடுகிறது. நெளிவதால் வரும் பிடிப்பு ஓரளவு தங்கும். போனதை மீட்க இரண்டு காரியம் நடக்க வேண்டும். டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஓடிப்போக வழி வேண்டும். டயரின் பள்ளங்களும் ரோட்டின் பெருஞ்சொரசொரப்பும் சேர்ந்து அந்த வழியைத் தருகின்றன. அதற்குப் பிறகும் கல்லின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் மிஞ்சும். அதைக் குத்திக் கிழித்து ரப்பரைத் தொடுவது நுண்சொரசொரப்பின் வேலை.

வேகம் உள்ளே வருவது இங்கேதான். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் காரின் டயர் தரையைத் தொடும் பகுதி 15 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டின் ஒரு புள்ளியை அது கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 7 பங்குக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் தண்ணீர் ஓடியாக வேண்டும். 40-ல் போனால் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். ஆகவே நகரத்து வேகத்தில் மழைப் பிடிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நுண்சொரசொரப்பு. நெடுஞ்சாலை வேகத்தில் பெருஞ்சொரசொரப்பின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. பார்வைக்குக் கரடுமுரடாக இருந்தும் ஜல்லியின் தலை மழுங்கிப்போன ரோட்டில் மெதுவாகப் போகும் பைக்கும் வழுக்கும். தொட்டால் நறநறக்கிற, ஆனால் பார்வைக்குத் தட்டையான ரோட்டில் 30-ல் போகும்போது ஒன்றும் தெரியாது, 90-ல்தான் கார் தள்ளாடும். மழையில் ரோட்டைக் கணிப்பதற்கு எனக்கு இதுதான் அடிப்படை.

பெருஞ்சொரசொரப்பை அளக்கும் சோதனை மிக எளிது. சேண்ட் பேட்ச் டெஸ்ட் என்பார்கள். காய்ந்த ரோட்டில் கோன் வைத்து ஒரு தடத்தை அடைத்துவிட்டு, பிரஷ்ஷால் தூசியைச் சுத்தமாகத் தள்ளுவோம். 300 மைக்ரான் சல்லடையில் விழுந்து 150 மைக்ரானில் தங்கிய மணலை 50 மில்லி அளந்து ஒரு குவியலாகக் கொட்டுவோம். அடியில் ரப்பர் ஒட்டிய வட்டக்கட்டையால் அதை மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் மணல் பள்ளங்களுக்குள் இறங்கி, வட்டமாகப் பரவும். இனிப் பரவாது என்ற நிலையில் விட்டத்தை நாலு திசையில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் லாரி ஒன்று வேகமாகப் போனால் மணல் பறந்துவிடும் என்பதால், ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு மறைப்பாக உட்கார்ந்திருப்பார். வட்டம் 25 சென்டிமீட்டரில் நின்றால் சராசரி ஆழம் 1 மில்லிமீட்டர். 35 சென்டிமீட்டர் வரை ஓடிவிட்டால் அரை மில்லிமீட்டர்தான். வட்டம் பெரிதாகப் பெரிதாக ரோடு வழவழப்பு என்று பொருள். ஒரே ரோட்டில், சக்கரம் ஓடும் தடத்தில் ஒரு வட்டமும் அதிலிருந்து ஓரடி தள்ளி இன்னொரு வட்டமும் போட்டுப் பார்த்தால் இரண்டும் கண்ணுக்கே தெரிகிற அளவு வேறுபடும். பத்து பேருக்குப் பாடம் எடுப்பதைவிட இந்த இரண்டு வட்டங்களைக் காட்டினால் போதும்.

நுண்சொரசொரப்புக்குப் பெண்டுலம். ஊசல் போன்ற கையின் நுனியில் ரப்பர் துண்டு இருக்கும். ரோட்டைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கையை விட வேண்டும். ரப்பர் தரையில் சுமார் 126 மில்லிமீட்டர் தூரம் உரசிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறும். உரசலில் எவ்வளவு வேகம் போனதோ அதற்கேற்ப முள் நிற்கும். எண் பெரிதாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பிரிட்டனின் பழைய வழிகாட்டி ஒன்றில், ரவுண்டானா, கூர்மையான வளைவு, செங்குத்தான இறக்கம், சிக்னலை நெருங்கும் இடம் ஆகியவற்றுக்கு 65, முக்கியச் சாலைகளுக்கு 55, மற்றவற்றுக்கு 45 என்று குறைந்தபட்ச அளவு கொடுத்திருப்பார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணைக் கேட்காமல், வண்டி திரும்புகிற, நிற்கிற இடத்தில் அதிகம் கேட்கிறார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

ஏனென்றால் நடப்பில் இருப்பது நேர் எதிர். சிக்னலுக்கு முந்தைய ஐம்பது மீட்டர், பஸ் நிறுத்தம், ரவுண்டானாவின் உள்வளைவு, மலைப்பாதைக் கொண்டை ஊசி ஆகிய இடங்களில்தான் ஆயிரக்கணக்கான டயர்கள் அழுத்தித் தேய்க்கின்றன. பிடிப்பு அதிகம் தேவைப்படும் இடமே முதலில் மழுங்குகிறது. காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பரபரப்பான ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். வந்த வழியில் சாம்பல் நிறமாக இருந்த ரோடு, கோட்டுக்கு அருகே மினுமினுக்கும். காய்ந்த நாளில் அந்த மினுமினுப்பைப் பார்த்து வைத்துக்கொண்டால் மழை நாளில் பிரேக்கை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். நான் தினமும் போகும் வழியில் அப்படி மினுக்கும் இடங்கள் மனப்பாடம். மழை பெய்தால் அந்த இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவேன். மினுக்கும் தரையில் வண்டி உருண்டு வந்து நிற்க வேண்டுமே தவிர, அங்கே போய் பிரேக்கை அழுத்தக் கூடாது.

எந்தக் கல் சீக்கிரம் மழுங்கும் என்பது அதன் கனிமங்களைப் பொறுத்தது. சுண்ணாம்புக்கல் போல ஒரே மென்மையான கனிமத்தால் ஆனது சீராகத் தேய்ந்து வழவழப்பாகிவிடும். கடினமும் மென்மையுமான கனிமங்கள் கலந்த கல்லில் ஒன்று தேயும்போது மற்றது நீட்டிக்கொண்டிருக்கும். நறநறப்பு தங்கும். சென்னையைச் சுற்றியுள்ள கருங்கல்லில் பெரும்பகுதி சார்னகைட். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறைக் கல்லை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை அது. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பைராக்சின் எல்லாம் கலந்தது. ஜல்லியை மேல்படுகைக்குத் தேர்ந்தெடுக்கும்போது வெறும் உறுதியை மட்டும் பார்க்க மாட்டோம். ஜல்லித் துண்டுகளை ஒரு சக்கரத்தில் பதித்து, எமரித் தூள் போட்டு ரப்பர் டயரால் மணிக்கணக்கில் தேய்த்துவிட்டு, பெண்டுலத்தில் வைத்து அளப்பார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, தார் மேல்படுகை ஜல்லிக்கு இந்த மதிப்பு 55-க்குக் குறையக் கூடாது என்கிறது. இந்த ஒரு எண்ணைச் சரியாகப் பார்த்தாலே ஒரு சந்திப்பில் எத்தனையோ பேர் விழாமல் போவார்கள். ரிப்போர்ட்டில் கடைசி வரியாக அதைத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். புதிதாகப் போட்ட தார் ரோடு மழையில் பாதுகாப்பானது என்று நினைப்போம். உண்மையில் புது ரோட்டில் ஒவ்வொரு ஜல்லியையும் தார்ப்படலம் மூடியிருக்கும். கல்லின் நறநறப்பு உள்ளே இருக்கிறது, டயருக்கு அது எட்டாது. வண்டிகள் ஓடி அந்தப் படலம் தேய்ந்த பிறகுதான் கல் வெளியே வரும். போக்குவரத்தைப் பொறுத்து வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டீக்கடையில் வயதான லாரி ஓட்டுநர் ஒருவர் இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்: “புது ரோடுன்னா மழையில நம்ப மாட்டேன் தம்பி. வண்டி ஓடி ஓடி ரோடு வெளுக்கணும். வெளுத்த பொறவுதான் அது ரோடு.” வெளுப்பது என்று அவர் சொன்னது கல் வெளியே வருவதைத்தான். கறுப்பாக, சமமாக, புதிதாக இருக்கும் ரோட்டில் மழை பெய்தால் நானும் அவர் மாதிரியே வண்டியை அடக்கித்தான் ஓட்டுகிறேன்.

பழைய ரோடும் கறுக்கும். அது வேறு கதை. கலவையில் தார் அதிகமாகிவிட்டாலோ, ஜல்லிக்கிடையே போதிய இடமில்லாமல் போனாலோ, கோடை வெயிலில் தார் மேலே கசிந்து வந்துவிடும். சக்கரத் தடங்களில் கறுப்புப் பட்டையாக, கண்ணாடி மாதிரி நிற்கும். இரண்டு சொரசொரப்பையும் ஒரே நேரத்தில் மூடிவிடுவதால் நான் மழையில் அதிகம் பயப்படுவது இந்தப் பட்டைக்குத்தான். சித்திரை, வைகாசியில் கசிந்தது ஐப்பசி மழையிலும் அங்கேயே இருக்கும். பைக்கில் போகிறவர்கள் தடத்துக்குள் போகாமல், ஜல்லி தெரிகிற பகுதியில் ஓட்டினால் வித்தியாசம் கைப்பிடியிலேயே தெரியும்.

ஆனால் தடத்தை விட்டு விலகுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். சிக்னலில் நிற்கும் கார்களும் லாரிகளும் ஆயிலைச் சொட்டுவது இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவில். டோல் பிளாசா, பெட்ரோல் பங்க் வாசல் இரண்டிலும் இதே கதை. அங்கே நடுப்பகுதியை விட்டுவிட்டுச் சக்கரத் தடத்தில் நிற்பதே நல்லது. ஓடும் ரோட்டில், கசிவு இல்லாத இடத்தில், முன்னால் போகும் காரின் சக்கரம் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போன தடத்தில் போகலாம். எங்கே எது என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையை எல்லோரும் எச்சரிப்பார்கள். தூசி, ஆயில், டயர் ரப்பர்த் தூள் எல்லாம் கொஞ்சம் தண்ணீரில் குழைந்து சொரசொரப்பின் பள்ளங்களை நிரப்பிவிடுவதுதான் காரணம். நன்றாக அடித்துப் பெய்து கழுவிவிட்டால் பிடிப்பு ஓரளவு திரும்பும். ஆகையால் தூறலைவிடப் பெருமழையே மேல் என்று சொல்லத் தோன்றும் நாட்களும் உண்டு. தூறல் தொடங்கியதும் பத்து, பதினைந்து நிமிடம் டீக்கடையில் ஒதுங்குவது நல்ல பழக்கம்.

சேறு இதைவிட மோசம், அதைப் பற்றிப் பேசுவதும் குறைவு. டெல்டா மாவட்டங்களில் நடவு நேரத்தில் கேஜ் வீல் போட்ட டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறும் இடத்தில், களிமண் பட்டை பட்டையாக ரோட்டில் கிடக்கும். ஏரி மண்ணும் சவுடும் ஏற்றிப்போகும் லாரிகள் திரும்பும் இடமும் அப்படித்தான். எவ்வளவு நல்ல ஜல்லியும் களிமண்ணுக்கு அடியில் புதைந்துவிட்டால் பயனில்லை. ரோட்டின் நிறம் திடீரென்று செம்மண்ணாகவோ களிமண் சாம்பலாகவோ மாறினால் ஆக்ஸிலேட்டரை விட்டு, பிரேக்கைத் தொடாமல், வண்டியை நேராக வைத்துக் கடந்துவிட வேண்டும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து, தண்ணீர் மேல் டயர் மிதப்பது. 1963-ல் அமெரிக்காவின் நாசா லாங்லி ஆராய்ச்சி மையத்தில் வால்டர் ஹார்னும் அவருடன் வேலை செய்தவரும் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு கணக்கை வெளியிட்டார்கள். டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7-ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 30 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 91. காற்று குறைந்து 20-க்கு வந்துவிட்டால் சுமார் 75. டயர்ப் பள்ளமும் ரோட்டுப் பள்ளமும் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது பொருந்துகிற கணக்கு இது. ரோடு நல்ல பெருஞ்சொரசொரப்போடு இருந்தால் அந்த நிலை வரவே அதிகத் தண்ணீர் வேண்டும். வழவழப்பான ரோட்டில், தேய்ந்த டயரோடு போனால் கொஞ்சம் தண்ணீரே போதும். டயரும் ரோடும் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதால், இரண்டில் ஒன்று மோசமானால் மற்றொன்று கொஞ்சம் ஈடுகட்டும். இரண்டும் மோசமானால் காப்பாற்ற எதுவும் இல்லை. கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. மழைக்காலத்தை அந்த எல்லையில் ஓட்டிக் கடக்க நினைக்காதீர்கள்.

கனரக லாரிகள் ஓடி அமுங்கிய தடங்களில்தான் தண்ணீர் நீளமாகத் தேங்கும். ரோட்டின் சரிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தத் தடத்திலிருந்து நீர் பக்கவாட்டில் வடியாது. ஸ்டியரிங் சட்டென்று லேசானால் டயர் மிதக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடியுங்கள். க்ரூஸ் கன்ட்ரோலை மழையில் போடவே வேண்டாம். பைக் டயர் வட்ட வடிவமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் இப்படி மிதப்பது குறைவு. பைக்கின் எதிரி அந்த மெல்லிய நீர்ப்படலம்தான்.

அதனால்தான் ஜீப்ரா கோடு, அம்புக்குறி, பாதாளச் சாக்கடை மூடி, பாலத்து இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டை, தேய்ந்த இன்டர்லாக் கல் எல்லாம் பைக்குக்கு இவ்வளவு சிக்கல். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல், ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் கடந்தால் ஒன்றும் ஆகாது. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை முடிந்தவரை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும். வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரியான மலைப்பாதைகளில் மர நிழல் விழும் ஓரங்களில் பாசியும் அழுகிய இலையும் சேரும். அங்கே இறங்கும்போது குறைந்த கியரில் இருந்தால் பிரேக்கின் வேலை குறையும். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும். இல்லாத பிடிப்பை ரோட்டிலிருந்து அதனால் கொண்டுவர முடியாது.

பிடிப்புக் குறைந்தால் எவ்வளவு தூரம் கூடுகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறோம். காய்ந்த ரோட்டில், பிடிப்பைக் காட்டும் உராய்வு எண் 0.7 என்றால் பிரேக் பிடித்த பிறகு சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். 0.35 என்றால் 40 மீட்டர். இந்தியச் சாலைப் பேராயத்தின் வடிவமைப்பு விதிகள் நனைந்த ரோட்டை மனதில் வைத்து 60 வேகத்துக்குக் கிட்டத்தட்ட இந்த அளவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொட இரண்டரை நொடி சேர்த்து, 80 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்கின்றன. மழையில் முன்வண்டியிலிருந்து பத்து மீட்டர் விட்டு 60-ல் போகும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் தெருவில் நீங்களே மாற்றக்கூடிய ஒன்று. இப்போது தெருவெல்லாம் சிமென்ட் ரோடு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கரண்டியால் இழுத்து இழுத்து வழவழவென்று முடித்துவிடுகிறார்கள். மேலே சிமென்ட் பால் படிந்து, ஒரு மழைக்காலத்திலேயே பாசி பிடித்து, பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் வழுக்கி விழும் தெரு ஆகிவிடுகிறது. கான்கிரீட் ஊற்றி மட்டம் பார்த்த பிறகு, மேலே நிற்கும் நீர்ப் பளபளப்பு போனதும், இறுகுவதற்கு முன், கடினமான பிரஷ்ஷையோ துடைப்பத்தையோ ரோட்டுக்குக் குறுக்காக ஒரே சீராக இழுத்தால் போதும். மெல்லிய கோடுகள் விழும், தண்ணீரும் ஓரத்துக்கு வடியும். தனிச் செலவு எதுவும் இல்லை. ஊற்றுகிற அன்று காலையிலேயே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் மாலை வரை பக்கத்தில் நில்லுங்கள். இறுகிப்போன பிறகு கோடு போட வேண்டும் என்றால் அறுக்கும் மெஷின்தான் வர வேண்டும், அதை ஒரு தெருவுக்காக யாரும் கொண்டுவர மாட்டார்கள்.